ரேக் காலியா இருந்தா குத்தம் யார் மேல? சேலம் கடைக்காரங்க கேள்விக்கு பதில்

சப்ளை செயின், அதாவது கம்பெனில இருந்து கடை ரேக் வரைக்கும் சரக்கு வர்ற வழி, அத பத்தின ஆராய்ச்சில என்ன சந்தேகம்னாலும் கேளுங்கன்னு சொல்லிருந்தேன், வந்த கேள்விக்கெல்லாம் வரிசையா சொல்றேன்.

அஸ்தம்பட்டில சூப்பர் மார்க்கெட் வெச்சிருக்கேன். ஏஜென்சிக்காரங்க ஒழுங்கா சரக்கு போடாததாலதான் ரேக் காலி. சரிதானே?

மொத்தத்தையும் அவங்க மேல போட முடியாதுங்கண்ணா. 2002ல க்ரூன், கோர்ஸ்டன், பரத்வாஜ்னு மூணு ஆராய்ச்சியாளருங்க பல நாட்டு ஆய்வுகள ஒண்ணா சேத்து பாத்தாங்க, சராசரியா 8.3 சதவீத பொருள் கடைல கிடைக்கல, அதுல கிட்டத்தட்ட முக்கால்வாசிக்கு காரணம் கடைக்குள்ளதான் இருந்துச்சு. ஆர்டர் கம்மியா போட்டது, லேட்டா போட்டது, இல்லன்னா சரக்கு குடோன்லயே இருந்தும் ரேக்குக்கு எடுத்து வைக்காதது. இந்த கடைசி ஒண்ணு மட்டுமே மொத்தத்துல நாலுல ஒரு பங்கு. காசு குடுத்து வாங்குன சரக்கு பத்தடி தள்ளி பெட்டில கெடக்குது, கேட்டு வந்தவங்க வெறுங்கையோட போறாங்க, இதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

இல்லன்னா அதே கம்பெனில வேற சைஸ் எடுத்துட்டு போயிருவாங்க இல்ல?

அப்படி போறது 19 சதவீதம்தான், அதே ஆய்வுல இருக்கு. 26 சதவீதம் வேற பிராண்டுக்கு மாறிடறாங்க, 31 சதவீதம் வேற கடைக்கே போயிடறாங்க, 15 அப்புறம் பாத்துக்கலாம்னு தள்ளிப் போடறாங்க, மீதி 9 வாங்கறதே இல்ல.

அஞ்சு ரோட்டுல ஒரு கடைல பில்லிங் பாக்குறேன் அண்ணா. சிஸ்டம்ல 14 சோப்பு காட்டுது, ரேக்ல ஒண்ணு கூட இல்ல. எப்படி?

நல்லா கேட்டம்மா, இங்கதான் விஷயமே இருக்கு. ஒருத்தர் லெமன்ல மூணு ரோஸ்ல மூணு எடுத்துட்டு வர்றாரு, விலை ஒண்ணுதானேன்னு ரோஸ ஒரு தடவ ஸ்கேன் பண்ணி ஆறுன்னு போட்டுட்டா, லெமன் சிஸ்டத்துல மூணு கூடவே நிக்கும். இதோட ஒடஞ்சது, திருட்டு போனது, ரிட்டர்ன் குடுத்துட்டு என்ட்ரி போடாததுன்னு எல்லாம் சேருது. அப்புறம் 14 இருக்கேன்னு சிஸ்டம் ஆர்டரே கேக்காது, ரேக்ல இல்லாததால விக்காது, விக்கலைன்னதும் இத யாரும் கேக்கறதில்லன்னு சிஸ்டம் முடிவு பண்ணிக்கும். டிஹோராஷியஸ், ராமன் ரெண்டு பேரும் 2008ல வெளியிட்ட ஆய்வுல 37 கடைல கிட்டத்தட்ட 3,70,000 ஸ்டாக் பதிவ சரி பாத்ததுல 65 சதவீதம் தப்பா இருந்துச்சு. நல்லா ஓடற ஐட்டம் ரெண்டு மூணு நாளா விக்கலைன்னு தெரிஞ்சா நேரா போய் கையால எண்ணிப் பாரும்மா.

அம்மாபேட்டைல ஏஜென்சி எடுத்திருக்கேன். கடைல வியாபாரம் ஒரே சீராத்தான் இருக்கு, எனக்கு வர்ற ஆர்டர் மட்டும் ஏன் ஏறி எறங்குது?

இதுக்கு புல்விப் எஃபெக்ட்னு பேருங்க, சாட்டைய லேசா ஆட்டுனா நுனி பெருசா ஆடற மாதிரி, கடைல வர்ற சின்ன ஏத்த எறக்கம் ஏஜென்சி, கம்பெனின்னு மேல போகப் போக பெருசாயிரும். 1997ல லீ, பத்மநாபன், வாங் மூணு பேரும் நாலு காரணம் சொன்னாங்க. ஒவ்வொரு கட்டத்துலயும் தனித்தனியா கணிக்கறது, மொத்தமா சேத்து ஆர்டர் போடறது, விலை ஏத்தி எறக்கறது, தட்டுப்பாடு வரும்போது வேணுங்கறதுக்கு மேல கேக்கறது. மாசக் கடைசில ஸ்கீம் போட்டு தள்ளி விடறீங்க இல்ல, அது மூணாவது காரணம், அப்பவே வாங்கி நிரப்பிக்கறதால அடுத்த மாசம் மொத வாரம் ஒருத்தரும் ஆர்டர் தரமாட்டாங்க. கடைக்காரர்கிட்ட ஆர்டர் எவ்ளோன்னு மட்டும் கேக்காம, போன வாரம் எவ்ளோ வித்துச்சுன்னும் கேளுங்க.

ஏற்காட்டுல கடை. வண்டி நாலு நாளைக்கு ஒருக்கா தான் மேல வருது, எவ்ளோ வெச்சுக்கறது?

ஒரு ஐட்டம் நாளைக்கு 6 போகுதுன்னு வைங்க. சொன்னதுக்கு அப்புறம் சரக்கு வர ஒரு நாள், அடுத்த வண்டிக்கு நாலு நாள், ஆக அஞ்சு நாளைக்கு 30, கூட்டம் வந்துட்டாங்கறதுக்கு ஒரு 10, மொத்தம் 40. கைல 12 இருந்தா 28 சொல்லுங்க. மே மாசம், லீவு நாளுக்கெல்லாம் இந்த 6 செல்லாதுங்க, அதுக்கு தனியா கணக்கெடுங்க.

எம்பிஏ ப்ராஜெக்ட்டுக்கு வாடிக்கையாளருங்ககிட்ட கேள்வித்தாள் குடுக்கலாம்னு இருக்கேன் சார், ஓகேவா?

வேண்டாம் தம்பி. ஒரு கடைய புடி, அம்பது ஐட்டம் எடுத்துக்கோ, காலைலயும் சாயங்காலமும் அதே நேரத்துக்கு போய் ரேக்ல இருக்கா, குடோன்ல இருக்கா, சிஸ்டம்ல எவ்ளோன்னு மூணையும் எழுது. இல்லாத ஒவ்வொண்ணுக்கும் ஏன் இல்லன்னு தேடிப் போ. ஞாயித்துக்கிழமைய விட்றாத.