1000 கஜம் தள்ளி நின்று எல்க் மானைச் சுடுவது வேட்டையா, வெறும் குறிப் பயிற்சியா?

கேள்வி கேட்டவர் அமெரிக்கா வந்து சில வருடம் ஆகியிருக்கும், ஹண்டர் எஜுகேஷன் வகுப்பை முடித்திருப்பார், இப்போது ராத்தூக்கம் கெட்டு, ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குச் சுடும் யூடியூப் வீடியோக்களாகப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று வைத்துக்கொள்கிறேன். ஊரிலிருந்து சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டிருந்தால், இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். நான் சொல்வது கொலராடோ கதை. இங்கே டேக் (ஒரு விலங்கைச் சுட அரசு தரும் அனுமதிச் சீட்டு) வாங்கி, சீசனில், கறிக்காகச் சுடுகிறோம். "கொலைகாரா" என்று கமெண்ட் போட வருபவர்கள், நேற்று மட்டன் பிரியாணி சாப்பிட்டீர்களா என்று ஒருமுறை யோசித்துவிட்டு வாருங்கள். 1937 சட்டப்படி இங்கே ரைஃபிள் விற்பனை மீதான வரி, இப்போது 11 சதவீதம், காட்டுயிர் பாதுகாப்புக்குப் போகிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். என் கணக்கில் 1000 கஜம் வேட்டையே இல்லை.

தோட்டா கீழே இறங்குவது இப்போது பெரிய பிரச்சினை கிடையாது. 6.5 க்ரீட்மோர் மாதிரி தோட்டா போடும் ஒரு ரைஃபிளில் 100 கஜத்துக்குக் குறி வைத்துக்கொண்டால், 1000 கஜத்தில் தோட்டா இருபது அடிக்கு மேல் இறங்கிவிடும். ஆனால் புவியீர்ப்பு தினமும் ஒன்றுதான். ரேஞ்ச்ஃபைண்டர் தூரம் சொல்லும், ஆப் கணக்குப் போடும், ஸ்கோப்பின் திருகைத் திருப்பினால் முடிந்தது. காற்று அப்படி இல்லை. பக்கவாட்டில் மணிக்கு 10 மைல் வேகத்தில் அடிக்கும் காற்று எங்கள் மலை உயரத்தில் 500 கஜத்துக்குள் தோட்டாவைச் சுமார் ஓர் அடி தள்ளும். 1000 கஜத்தில் நாலைந்து அடி. எல்க்கின் நெஞ்சுக்கூட்டில் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஒன்றரை அடி அகலம்கூடத் தேறாது. நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு காற்று, பள்ளத்தாக்கு நடுவில் வேறொரு காற்று, மான் நிற்கும் இடத்தில் இன்னொன்று. இதை எந்தக் கருவி அளக்கும்? போதாக்குறைக்கு, தோட்டா போய்ச் சேர ஒன்றரை விநாடி ஆகும். மேய்கிற மான் அதற்குள் ஓர் அடி முன்னால் வைத்தால் போதும், நுரையீரலுக்குப் போனது வயிற்றுக்குப் போய்விடும்.

தியடோர் ரூஸ்வெல்ட் 1887இல் தொடங்கிவைத்த பூன் அண்ட் க்ராக்கெட் கிளப் என்ற வேட்டைக்காரர் சங்கம் இதைப் பற்றி ஒரு நிலைப்பாடு வைத்திருக்கிறது. இத்தனை கஜம் என்று எல்லை எதுவும் போடவில்லை. சுடுபவனின் நோக்கத்தைப் பார்க்கிறார்கள். எவ்வளவு தூரம் அடிக்க முடியும் என்று உயிருள்ள விலங்கின் மேல் சோதித்துப் பார்ப்பது வேட்டை ஆகாது என்கிறார்கள். சட்டமும் தூரத்தைத் தொடுவதில்லை. ஐடஹோவில் துப்பாக்கி 16 பவுண்டுக்கு மேல் கனக்கக் கூடாது. கொலராடோவில் தானே குறிபார்த்துச் சுடும் ஸ்மார்ட் ரைஃபிளுக்குத் தடை. கஜக் கணக்கில் எதுவும் இல்லை.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு கோபம் என்றால், ஒரு வருடம் என் டேக் இதில்தான் போனது.

நவம்பர், மூன்றாவது ரைஃபிள் சீசன், கொலராடோவின் ஃப்ளாட் டாப்ஸ் மலைப் பக்கம். நானும், எனக்கு வேட்டை பழக்கிய ஒரு பெரியவரும் (லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர்) ஆஸ்பென் மரங்களுக்குள் எதிர்க்காற்றில் ஏறிக்கொண்டிருந்தோம். மேலே ஒரு திட்டில் பெட்டை எல்க் கூட்டம் குளம்பால் பனியைக் கிளறி மேய்ந்துகொண்டிருந்தது. இன்னும் 400 கஜம் இருக்கும். அந்தப் பாறை வரைக்கும் போய்விடலாம் என்று பெரியவர் கை காட்டினார். அந்த நேரம் பார்த்து எதிர் மலையிலிருந்து வெடி. ஒரு பெட்டைக்கு முன்னால் பனி தெறித்தது. எங்கிருந்து வருகிறது என்று புரியாமல் கூட்டம் தலையைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றது. இரண்டாவது வெடிக்கு, கூட்டத்தின் நடுவில் நின்ற ஒன்று முதுகைக் கூனியது. வயிற்றில் பட்டால் அப்படித்தான் கூனும். மூன்றாவது வெடிக்குக் கூட்டம் மொத்தமும் காட்டுக்குள் போய்விட்டது.

பைனாகுலரில் பார்த்தால் இரண்டு பேர். வருவார்கள் என்று காத்திருந்தோம். வயிற்றில் பட்டதை உடனே துரத்தவும் கூடாது, ஓரிடத்தில் படுக்க விட வேண்டும். அவர்கள் ரைஃபிளின் முக்காலியை மடித்து, பையை மாட்டிக்கொண்டு, மறுபக்கமாக இறங்கிப் போனார்கள். அடிபட்ட விலங்கைத் தேட நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்று கொலராடோ விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் குறுக்கே பள்ளத்தாக்கு. இறங்கி ஏறினால் அரைநாள் போய்விடும்.

நாங்கள் போய்ப் பார்த்தோம். நுரையீரலில் பட்டிருந்தால் ரத்தம் இளஞ்சிவப்பாக, நுரையோடு இருக்கும். இது கறுத்த ரத்தம், அதில் அரைபட்ட புல், சாண வாடை. பனியில் இரண்டு இடத்தில் படுத்து எழுந்த தடம். மூன்றாவது இடத்தில் தலையைத் தூக்கியபடி படுத்திருந்தது. பெரியவரிடம் இருந்தது ஆண் எல்க் டேக். பெட்டை டேக் என்னுடையது. கிட்டப் போய் நான்தான் முடித்துவைத்தேன், டேக்கைக் கட்டினேன். உள்பக்கம் முழுக்க இரைப்பை உடைந்து ஊறிப்போயிருந்தது. உள்முதுகு இறைச்சி, வயிற்றுப் பக்கம் எல்லாம் வீண். தொடைகளைப் பைகளில் கட்டித் தூக்கி வந்து சேர இருட்டிவிட்டது.

வண்டி நிறுத்தும் இடத்தில் அந்த இருவரும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். கெட்டவர்கள் இல்லை, எங்களுக்கும் ஊற்றித் தந்தார்கள். 840 கஜமாம், காற்று ஏமாற்றிவிட்டதாம், மூன்றுமே க்ளீன் மிஸ்ஸாம். பெரியவர் நடந்ததைச் சொன்னார். ஒருவன் என் தோளைத் தட்டி, "அட, உங்களுக்காவது கிடைத்ததே!" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் விஷயமே. 200 கஜத்தில் தோட்டா படும் சத்தம் காதில் விழும், மான் குலுங்குவது கண்ணுக்குத் தெரியும். 840இல் துப்பாக்கி உதைத்து, ஸ்கோப்பில் மறுபடி மானைத் தேடிப் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு மிஸ் என்று நம்புவது வசதி.

உடனே சிலர் வருவீர்கள். 150 கஜத்தில் கைநடுங்கிச் சுடுபவனைவிட, வருடம் முழுக்கப் பயிற்சி செய்து 500இல் சுடுபவன் மேல் என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். வில் வேட்டையிலும் காயப்பட்டுத் தப்புவது உண்டு, அதையும் மறுக்கவில்லை. தமிழ் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் வல்வில் ஓரியையே இழுத்தார்: ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு. ஐயா, ஓரி அந்தக் காட்டுக்குள்ளேயே நின்றவர். உடும்பு வரைக்கும் போய்ப் பார்த்திருப்பார்.

என் எல்லை 300 கஜம், அதுவும் காற்று அடங்கியிருந்தால். உங்கள் எல்லையை ரேஞ்சில் (சுடும் பயிற்சி மைதானத்தில்) மேசை போட்டு உட்கார்ந்து சுட்டு முடிவு செய்யாதீர்கள். மூச்சு வாங்க மேடேறி, முட்டி போட்டு, காற்றில் சுட்டுப் பாருங்கள். சுட்ட இடத்துக்கு நடந்து போக மனசில்லை என்றால் அந்தத் தூரம் உங்களுக்கு இல்லை.

சம்பந்தமில்லாமல் ஒன்று. தப்பித்த கறியில் உப்புக்கண்டம் போட்டேன். மஞ்சள், உப்பு, மிளகாய் தடவி, நூலில் கோத்து, பால்கனியில் கட்டியிருந்தேன். குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம்: துர்நாற்றம், பூச்சித் தொல்லை, அபராதம். நவம்பர் குளிரில் என்ன பூச்சி? கீழ்வீட்டுக்காரர் ராத்திரி பூரா மாட்டு நெஞ்சுக்கறிக்குப் புகை போடுகிறார், அவருக்கு ஒரு கடிதமும் கிடையாது. பால்கனி இல்லாமல் உப்புக்கண்டம் காயவைக்க யாருக்காவது வழி தெரிந்தால் கமெண்டில் சொல்லுங்கள். டீஹைட்ரேட்டர் வேண்டாம், போட்டுப் பார்த்தாயிற்று, ருசி வரவில்லை.