குரூசர் பைக்கில் ஹார்ட் சாடில்பேக் மாட்டினால் அதன் அழகு கெட்டுவிடுமா?

ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350 வெச்சிருக்கீங்க. ரெண்டு பக்கமும் பூட்டு வெச்ச ஹார்ட் பெட்டி மாட்டணும், ஆனா குரூசர் லுக் போயிடுமோன்னு பயம். கேள்வி இதுதானே? ஊருக்குப் போறப்ப "என் பையை எங்கதாங்க வைக்கிறது"ன்னு வீட்ல கேட்டிருப்பாங்க. உங்க போன் வால்பேப்பர்ல பெட்டி வெச்ச ஒரு ஹார்லி ஸ்ட்ரீட் கிளைட் நிக்கும். தெரியாமதான் சொல்றேன், ஆனா தப்பா இருக்காதுன்னு நினைக்கிறேன்.

அழகைக் கெடுக்கிறது பெட்டி இல்லைங்க. பெட்டிக்கும் வண்டிக்கும் நடுவுல தெரியுற சந்துதான் கெடுக்குது.

குரூசரைப் பக்கவாட்டுல நின்னு பாருங்க. டேங்க் மேல கிளம்புற கோடு சீட்டுல இறங்கி, பின் மட்கார்டோட சேர்ந்து வளைஞ்சு சக்கரத்துக்கிட்ட போய் முடியும். நம்ம கண்ணும் அதே வழியிலதான் இறங்கும். ஹார்ட் பெட்டி வந்தா அந்தக் கோட்டோட கடைசித் துண்டு காணாம போயிடும். மட்கார்ட் வளைவு, ஷாக் அப்சார்பர், பாதிச் சக்கரம் எல்லாம் உள்ள போயிடுது. பின்பக்கம் கனத்து, முன்பக்கம் இளைச்சுப் போன மாதிரி தெரியும்.

பெரிய கம்பெனிக்காரங்களுக்கும் இதே தலைவலிதான். பிஎம்டபிள்யூ 2020ல ஆர் 18 விட்டப்போ, 1936ல வந்த அவங்களோட ஆர் 5 வண்டியை மனசுல வெச்சு, பெட்டி கிட்டி எதுவும் இல்லாத மொட்டை உடம்பா செஞ்சாங்க. அடுத்த வருஷம் பெட்டி வெச்ச ஆர் 18 பி வந்துச்சு. வெறும் பெட்டியை மட்டும் வெச்சு அனுப்பல. முன்னாடி காத்தைத் தடுக்கிற பெரிய மூடி, அதாவது ஃபேரிங், வந்துச்சு, 16 லிட்டர் டேங்க் 24 லிட்டர் ஆச்சு. நெடுந்தூரத்துக்குப் பெட்ரோல் வேணும்கிறது ஒரு காரணம்தான், ஆனா பின்னாடி ஏறின கனத்துக்கு முன்னாடி ஈடு கட்டினதும் அதுதான். ஹார்லி எலெக்ட்ரா கிளைட் 1965ல வந்துச்சு, வௌவால் சிறகு மாதிரி இருக்கிற அந்தப் பேட்விங் ஃபேரிங் 1969ல சேர்ந்துச்சு. இன்னைக்குப் பெட்டி இல்லாத எலெக்ட்ரா கிளைட்டை யாராவது நினைச்சுப் பார்ப்பாங்களா? "பெட்டி வெச்சா அது குரூசரே இல்ல"ன்னு கமென்ட்ல வரப்போற அண்ணன்களுக்கு இன்னொண்ணு: 2020ல இருந்து அமெரிக்காவுல கிங் ஆஃப் தி பேகர்ஸ்னு ரேஸே நடக்குது. பேகர்னா இப்படிப் பெட்டி வெச்ச வண்டி. பெட்டியோடதான் ஓட்டணும்.

இப்போ என் கதை. என்னுது சூப்பர் மீட்டியார் 650. கோயம்புத்தூர்ல ஒரு அக்சஸரி கடையில என் மாடலுக்கான பெட்டியும், அதைத் தாங்குற கம்பிச் சட்டமான ஸ்டேயும் சொல்லி முன்பணம் கட்டியிருந்தேன். பெட்டி சரியாத்தான் வந்துச்சு. ஸ்டே ஸ்டாக் இல்லைன்னு, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்காம யுனிவர்சல் ஸ்டேயில மாட்டி நிறுத்தி வெச்சிருந்தாங்க. யுனிவர்சல்னா எல்லா வண்டிக்கும் சேரும்னு அர்த்தமாம். எந்த வண்டிக்கும் ஒழுங்கா சேராதுங்கிறது என் அனுபவம். சக்கரத்துல இருந்து ஒரு சாண் தள்ளி பெட்டி தனியா தொங்குது, மேல் விளிம்பு வானத்தைப் பார்க்குது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மச்சினன் சுத்திச் சுத்திப் பார்த்துட்டு, "என்னங்க மாமா, பால்காரர் வண்டியாட்ட இருக்குதுங்க"ன்னான். அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல. அவன் சொன்னது நூத்துக்கு நூறு சரி. கேன் ரெண்டும் வண்டியோட ஒட்டாம தனியா தொங்குறதாலதானே பால்காரர் வண்டியைத் தூரத்துலயே கண்டுபிடிக்கிறோம்?

கணபதி ஏரியாவுல தெரிஞ்ச லேத் பட்டறைக்குக் கொண்டு போனேன். மாஸ்டருக்கு ஹார்லியும் தெரியாது, பேகரும் தெரியாது. பெட்டியைக் கழட்டச் சொல்லிட்டு, சீட்டோட கீழ் விளிம்புல இருந்து நம்பர் பிளேட் வரைக்கும் ஒரு நூலை இழுத்துப் பிடிச்சார். "பெட்டியோட மேல் மூடி இந்த நூலுக்கு மேல வரக்கூடாது தம்பி"ன்னார். அப்புறம் சைலன்சர் எந்தச் சாய்வுல போகுதோ அதே சாய்வுல பெட்டியோட அடிப்பக்கம் நிக்கிற மாதிரி சாக்பீஸ்ல கோடு போட்டார். பசங்க ரெண்டு பேரைப் பின்னாடி உட்கார வெச்சு ஷாக் எவ்வளவு இறங்குதுன்னு பார்த்து, அதுக்கு ரெண்டு விரல் இடம் விட்டு, ஸ்டே பைப்பை அறுத்து உள்ள தள்ளி வெல்டு அடிச்சார். பெட்டிக்கு அடியில சூடு ஏறாம இருக்க ஒரு அலுமினியத் தகடு. பெட்டி மறைச்ச இன்டிகேட்டரை நம்பர் பிளேட் பக்கம் நகர்த்தினார். பைப்புக்கெல்லாம் மேட் கறுப்பு. முன்னாடி விண்ட்ஸ்கிரீனும் போட்டப்புறம் நிறுத்திப் பார்த்தா, அது வேற வண்டி. மச்சினன் இப்போ அதுல சாய்ஞ்சு நின்னு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறான்.

நான் டிசைனர் கிடையாது, இன்ஜினியரும் கிடையாது. வண்டியை மாத்துறதைப் பத்தின மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவைக் காட்டி யாராவது வருவீங்க. ஆர்.சி.யில இருக்கிற விவரம் எதையும் நான் மாத்தல, கழட்டுற பெட்டிதான். ஆனா சாரி கார்டைக் கழட்டிட்டு ஸ்டே மாட்டுறவங்க கொஞ்சம் யோசிங்க. பின் சக்கரத்துல பாதியாவது மூடியிருக்கணும்னு மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்லுது. சேலை கட்டினவங்க உட்காருற வண்டி அது. எங்க அம்மா ஒரு பக்கமாத்தான் உட்காருவாங்க. இடது பெட்டி இருந்தா மூடி விளிம்பு கெண்டைக்கால்ல இடிக்கும். அதனால அம்மா வர்ற அன்னைக்குப் பெட்டியைக் கழட்டிடுவேன். கழட்டினா வெறும் ஸ்டே நீட்டிக்கிட்டு நிக்கும். பெட்டியை விட அசிங்கம் அந்த வெறும் கம்பிதான். கழட்டினப்புறம் கம்பி ஷாக்குக்குப் பின்னாடி ஒளியுமான்னு பார்த்து வாங்குங்க.

பெட்டி போட்டதுல எனக்கு இருக்கிற ஒரே எரிச்சல் லுக் இல்ல, பார்க்கிங். காசு வாங்குற ஸ்டாண்டுகள்ல வண்டிகளை ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நெருக்கி நிறுத்துறாங்க பாருங்க, அங்க பெட்டியைப் பிடிச்சு வண்டியை இழுக்கிறாங்க. 241 கிலோ வண்டி! கேட்டா, "காருக்குண்டான இடம் புடிக்குதுங்க, கூடக் குடுங்க". காசு வாங்கிட்டு டோக்கன் தருவாங்க, அதுல "பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல"ன்னு அச்சடிச்சிருக்கும். எதுக்குத்தான் பொறுப்பு? நிழல் இல்ல, ஹெல்மெட் வைக்க இடம் இல்ல, சீட் மேல சாக்பீஸ்ல நம்பர் எழுதுறது வேற. இதைப் பத்தி ஒருத்தரும் கேள்வி கேட்க மாட்டேங்கிறாங்க.

சரி, உங்க 350க்கு வர்றேன். அதுல சைலன்சர் வலது பக்கம் மட்டும்தான். இடது பெட்டிக்குக் கீழே வெறிச்சுன்னு தெரியும். உடம்பும் மெலிசு. என் வண்டிக்கு வெச்ச சைஸ் வேண்டாம், சின்னதா, ஒடுக்கமா எடுங்க. அட்வென்ச்சர் வண்டிக்கு வர்ற சதுர அலுமினியப் பெட்டி எவ்வளவு சல்லிசா கிடைச்சாலும் வேண்டவே வேண்டாம். வாங்குறதுக்கு முன்னாடி அதே அளவுல அட்டைப்பெட்டி வெட்டி, டேப் போட்டு ஒட்டி, இருபது அடி தள்ளி நின்னு போட்டோ எடுங்க. அதை வீட்ல காட்டாதீங்க, வாய்க் கொழுப்பு உள்ள மச்சினன் மாதிரி ஒருத்தன்கிட்ட காட்டுங்க.

மைலேஜ் குறையுமான்னு கமென்ட்ல கேட்காதீங்க. குறையும்.