குறைந்த விலை ஹெட்போன் ஆம்ப் ஒலியை உண்மையிலேயே மாற்றுமா?

பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் ஒரு சின்ன ஆம்ப் (ஹெட்போனுக்குப் போகும் சிக்னலைப் பெருக்கும் கருவி) பார்த்ததாகவும், அதை வாங்கினால் ஒலி மேம்படுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பதில் உங்கள் ஹெட்போனைப் பொறுத்தது.

சென்ஹைசர் எச்டி 600 போன்ற, 300 ஓம் இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு) உள்ள ஹெட்போனுக்கு அதிக மின்னழுத்தம் வேண்டும். போனில் முழுச் சத்தம் வைத்தாலும் மிருதங்க அடி மெலிந்தே கேட்கலாம். அங்கே ஆம்ப் நிச்சயம் உதவும்.

32 ஓம் ஹெட்போன் என்றால், சத்தம் பெரும்பாலும் ஏற்கெனவே போதும். அங்கே பார்க்க வேண்டியது அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஒலியை அனுப்பும் லேப்டாப் அல்லது ஆம்பின் சொந்த எதிர்ப்பு. பலரும் இதைக் கவனிப்பதே இல்லை, எனக்கு அது பெரிய வருத்தம். பல ஹெட்போன்களின் இம்பீடன்ஸ் பாஸ் (தாழ்ந்த ஒலி) பகுதியில் ஏறும். 32 ஓம் அங்கே 70 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் 60 ஓம் என்றால், மின்னழுத்தம் இரண்டுக்கும் இடையே பங்கிடப்படுவதால் பாஸ் மட்டும் கிட்டத்தட்ட 4 டெசிபல் கூடிவிடும். குரல் அதற்குள் அமுங்கும். ஆம்பில் அது 1 ஓம் என்றால் அந்த வித்தியாசம் 0.2 டெசிபலுக்கும் கீழே. "ஆம்ப் போட்டதும் குரல் தெளிவாச்சு" என்பதற்குக் காரணம் பல நேரம் இதுதான்.

பிளானர் வகை (தட்டையான மெல்லிய படலம் அதிர்ந்து ஒலிக்கும்) ஹெட்போனில் இந்த இம்பீடன்ஸ் ஏற்றம் அநேகமாக இருக்காது.

அப்புறம், லேப்டாப் ஜாக்கில் வரும் இரைச்சலை ஆம்ப் போக்காது, சேர்த்தே பெருக்கும். அதற்கு யூஎஸ்பி டாக் (டிஜிட்டல் சிக்னலை ஒலி சிக்னலாக மாற்றும் பகுதி) உள்ள ஆம்ப் வாங்குங்கள். கடையில் ஒப்பிடும்போது ஆம்ப் உள்ளபோதும் இல்லாதபோதும் ஒரே சத்த அளவு வையுங்கள். சற்று உரக்க ஒலிப்பதே காதுக்கு நல்லதாகத் தோன்றும்.