நாளைக்குச் சோதினை: படிப்பதா, படுப்பதா?

கேள்வி: எங்கள் ஊர் மண்டூர். மகள் இந்த முறை உயிரியல் பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதுகிறாள். பரீட்சை நிலையம் களுவாஞ்சிக்குடியில். சாதாரண தரத்தில் கணிதத்துக்கு முதல்நாள், பிளேன்டீ குடித்துக் குடித்து விடிய இரண்டு மணி வரை முழித்திருந்து படித்தாள். மண்டபத்தில் தெரிந்த கணக்குக்கூட வரவில்லை என்று அழுதுகொண்டு வந்தாள். இந்த முறை ரியூசன் சேர், "முதல்நாள் புத்தகத்தைத் தொடவே வேண்டாம்" என்கிறார். அவளுடைய அப்பா, "அது எப்படி? கடைசியாகப் படித்ததுதானே ஞாபகத்தில் நிற்கும்" என்கிறார். நாங்கள் யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மகள் பகலில் படிக்கட்டும், இரவில் படுக்கட்டும். நித்திரை விஷயத்தில் நான் முழுக்க சேர் பக்கம். புத்தகத்தைத் தொடவே வேண்டாம் என்பதில் மட்டும் அவரோடு உடன்பாடில்லை. இரண்டு வருடமாகக் காலையும் மாலையும் படித்து வந்த பிள்ளையிடம் திடீரென்று ஒருநாள் "சும்மா இரு" என்றால் அவளால் சும்மா இருக்க முடியாது. கொப்பியை மூடி வைத்துவிட்டு, உள்ளுக்குள் பயந்துகொண்டு இருப்பாள். அதை ஓய்வு என்று நான் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே ஒருமுறை மண்டபத்தில் தடுமாறிய பிள்ளைக்கு, "எனக்கு இவ்வளவு தெரியும்" என்று பகலில் தானே பார்த்துக்கொள்வது பெரிய தைரியம்.

உங்கள் கணவர் சொல்வதையும் ஒரேயடியாகத் தள்ள முடியாது. 2006 இல் ரொடிகர், கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். சில மாணவர்கள் ஒரு சிறிய பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மற்றவர்கள் வாசித்துவிட்டு, பார்க்காமல் ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் கொஞ்சம் முன்னுக்கு நின்றார்கள். இரண்டு நாள் கழித்தும் ஒரு கிழமை கழித்தும் கேட்டபோது, எழுதிப் பார்த்தவர்கள் தெளிவாக முந்திவிட்டார்கள். ஆக, கடைசியாகப் படித்தது நிற்கும் என்பது நிமிடக் கணக்கில் சரி. இரவு பதினொரு மணிக்கு வாசித்ததை மறுநாள் மண்டபத்தில் எடுக்கப் பார்க்கும் பிள்ளைக்கு அந்த நம்பிக்கை அவ்வளவாகக் கைகொடுக்காது. எனவே முதல்நாள் படிப்பில் பெரும்பகுதி, கொப்பியை மூடிவிட்டு எழுதிப் பார்ப்பதாக இருக்கட்டும்.

சரி, அந்தக் கணித நாளில் என்ன நடந்திருக்கும்? ஒரு கணக்கைச் செய்யும்போது, முந்திய படியில் வந்த விடையையும் அடுத்த படியையும் ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைத்திருக்க வேண்டும். நித்திரை குறைந்தால் முதலில் ஆட்டம் காண்பது இந்தப் பிடிப்பும் கவனமும்தான். சூத்திரம் தெரியும், கணக்கும் பழக்கமானது, ஆனால் இரண்டாம் படியில் எங்கே நிற்கிறோம் என்பது நழுவிவிடும். "தெரிந்ததுகூட வரவில்லை" என்று மகள் அழுதாள் அல்லவா, அவள் சொன்னது அப்படியே உண்மை. பாடம் அவளிடம் இருந்தது. அதை எடுத்துக் கையாளும் மூளை களைத்துப் போயிருந்தது.

இன்னொன்று. பகலில் படித்ததை மூளை உறுதிப்படுத்திக்கொள்வதில் முக்கியமான ஒரு பகுதி நித்திரையில் நடக்கிறது. இரவின் முதற்பாதியில் ஆழ்ந்த நித்திரை கூடுதலாக வரும். விடியப்புறம் கனவு நித்திரை கூடும். இரண்டு மணிக்குப் படுத்து ஐந்தரைக்கு எழும்பினால், இந்த வேலை அரைகுறையாக நின்றுவிடும். லொஸ் ஏஞ்சல்ஸில் 535 உயர்நிலைப் பள்ளி மாணவர்களை 14 நாள் நாட்குறிப்பு எழுத வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2013 இல் வெளிவந்தது. வழக்கத்தைவிட நித்திரையைக் குறைத்துக் கூடப் படித்த நாளுக்கு அடுத்தநாள், பாடம் விளங்காததும் பரீட்சையில் சறுக்கியதும் கூடியிருந்தன. வழக்கமாக எவ்வளவு நேரம் படிக்கிற பிள்ளையாக இருந்தாலும் இதே கதைதான்.

1997 இல் வந்த ஓர் அவுஸ்திரேலிய ஆய்வையும் கணவரிடம் சொல்லிப் பாருங்கள். தொடர்ந்து 17 மணித்தியாலம் விழித்திருப்பவரின் கண்ணும் கையும் சேர்ந்து இயங்கும் திறன், இரத்தத்தில் 0.05 சதவீத மதுசாரம் உள்ளவரின் அளவுக்குக் குறைந்திருந்தது. பல நாடுகளில் அந்த அளவோடு வாகனம் ஓட்டினால் பொலிஸ் பிடிக்கும். காலை ஐந்து மணிக்கு எழும்பிய பிள்ளைக்கு 17 மணித்தியாலம் இரவு பத்து மணியோடு முடிகிறது. அதற்குப் பிறகு படிக்கிற ஒவ்வொரு பக்கமும் அரை மயக்கத்தில் படிக்கிற பக்கம்தான்.

இனி அந்த நாளை எப்படிக் கழிப்பது என்று பார்ப்போம். காலைத் தாள் வழக்கமாக 8.30க்குத் தொடங்கும். முதல்நாளும் அதே நேரத்துக்கு மகளை மேசையில் உட்கார வையுங்கள். முன்பு செய்து திருத்திய ஒரு பழைய வினாத்தாளில் 25 பல்தேர்வு வினாக்களை ஒரு மணித்தியாலத்தில் செய்யட்டும். உயிரியல் முதலாம் தாளில் இரண்டு மணித்தியாலத்துக்கு 50 வினா. ஒன்றுக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. அந்த வேகம் கைக்கு வந்துவிட்டால் போதும். புதிய மாதிரித் தாள் எதையும் அன்றைக்கு எடுக்க வேண்டாம். அதில் நாற்பது புள்ளி வந்தால் அந்த நாளே நாசம்.

அப்புறம் வெள்ளைத் தாளில் படங்கள்: இதயத்தின் நெடுக்குவெட்டு, சிறுநீரகத்தி (நெப்ரோன்), கலப்பிரிவின் அவத்தைகள். பார்க்காமல் வரைந்து, பெயர் குறித்து, பிறகு கொப்பியோடு ஒப்பிடட்டும். இரசாயனவியலுக்கும் பௌதிகவியலுக்கும் முதல்நாள் என்றால், ஒவ்வொரு வகையிலும் ஒரே ஒரு கணக்கு, அதுவும் செய்து பழகியது. மதியத்துக்குப் பிறகு குறிப்புகளும், பிழைகளை எழுதி வைத்த கொப்பி இருந்தால் அதுவும். நீங்களும் உதவலாம். உங்களுக்கு உயிரியல் தெரிய வேண்டிய தேவையில்லை. கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தலைப்பை மட்டும் கேளுங்கள், அவள் உங்களுக்கு விளக்கிச் சொல்லட்டும். எந்த இடத்தில் திக்குகிறாளோ அந்த இடத்தை மட்டும் திரும்பிப் பார்த்தால் போதும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் தொடாமல் விட்ட அலகு ஒன்று இருக்கும். உயிரியலில் அது அநேகமாக மூலக்கூற்று உயிரியலாக இருக்கும். முதல்நாள் மத்தியானம் அது வந்து மனதைக் குடையும். விட்டுவிடச் சொல்லுங்கள். இரண்டு கிழமையில் படிக்க வேண்டியதை அரை நாளில் திணிக்கப் போனால், தெரிந்த அலகுகளையும் அது குழப்பிவிடும். இரண்டாம் தாளின் கட்டுரைப் பகுதியில் ஆறில் நான்கைத் தெரிவுசெய்து எழுதும் வசதி இருக்கிறது.

கைத்தொலைபேசியை அன்றைக்கு நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னேரமானால் வாட்ஸ்அப்பில் "இது நிச்சயம் வரும்" என்று ஒரு தாள் சுற்றத் தொடங்கும். பரீட்சைக்குச் சில நாட்களுக்கு முன்பிருந்தே ரியூசன் வகுப்பு, கருத்தரங்கு, மாதிரி வினாத்தாள் விநியோகம் எல்லாவற்றையும் பரீட்சைத் திணைக்களம் தடைசெய்து விடுகிறது. அதற்குப் பிறகு வருகிற எதையும் நம்பி ஒரு நிமிடத்தைக்கூடச் செலவழிக்க வேண்டாம்.

பிளேன்டீ பற்றி நீங்களே எழுதியிருக்கிறீர்கள். குடித்த கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் எடுக்கும். பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு தேத்தண்ணி வேண்டாம். சக்திப் பானம் என்று போத்தலில் விற்கிறவை எந்த நேரத்திலும் வேண்டாம். சாப்பாடு வழக்கமானதாக இருக்கட்டும். இரவுக்கு இடியப்பமும் சொதியும் போதும், கடைக் கொத்தை அன்றைக்கு மட்டும் மறந்துவிடுங்கள். மட்டக்களப்பில் இருந்துகொண்டு தயிரை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது. மதியம் கொடுங்கள், பிறகு இருபது நிமிடம், மிஞ்சினால் அரை மணித்தியாலம் கண்ணயரட்டும்.

இரவு எட்டு மணிக்கே படுக்கச் சொல்லி விளக்கை அணைப்பது வீடுகளில் வழமையாக நடக்கிற பிழை. பதினொரு மணிக்குப் படுத்துப் பழகிய உடம்புக்கு எட்டு மணிக்கு நித்திரை வராது. பிள்ளை இருட்டில் கிடந்து நாளைக்கு என்ன வருமோ என்று யோசிக்கும். ஒரு கிழமைக்கு முன்பிருந்தே படுக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்குக் கொண்டுவந்து பத்து மணியில் நிறுத்துங்கள். பதின்ம வயதுக்கு எட்டு மணித்தியாலமாவது தேவை. அப்படியும் அன்றிரவு நித்திரை வராமல் போகலாம். "நித்திரை கொள்ளாட்டி எல்லாம் போச்சு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தக் கிழமை முழுக்க ஒழுங்காக நித்திரை கொண்ட பிள்ளையை ஒரு இரவு கவிழ்த்துவிடாது. கண்ணை மூடிச் சும்மா படுத்திருப்பதும் உடம்புக்கு ஆறுதல்தான்.

பயம் கூடினால் ஒரு வழி உண்டு. 2011 இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வில், பரீட்சைக்குச் சற்று முன் பத்து நிமிடம் தங்கள் பயத்தைத் தாளில் எழுதிய மாணவர்கள், எழுதாதவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். ஆகக்கூடப் பயந்தவர்களுக்குத்தான் அதிக பலன் கிடைத்தது. எழுதிய தாளை யாருக்கும் காட்டத் தேவையில்லை, கிழித்து எறியட்டும்.

உங்கள் ஊரைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய விஷயம் மழை. 2024 நவம்பர் 25 ஆம் திகதி தொடங்கிய உயர்தரப் பரீட்சை இரண்டே நாளில் வெள்ளத்தால் நின்று, டிசம்பர் 4 இல்தான் திரும்பத் தொடங்கியது. மாரி மழைக்குள் பரீட்சை வந்தால், முதல்நாள் பின்னேரம் "பாதை (வாவியைக் கடக்கும் மிதவை) ஓடுமா?" என்று யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது. மண்டூரில் பாதை ஏறிக் குருமண்வெளியில் இறங்குவது நல்ல நாளில் சுகமான பயணம். காற்றும் மழையும் சேர்ந்தால் அதை நம்ப முடியாது, வெல்லாவெளிப் பக்கத்து வீதிகளிலும் தண்ணீர் ஏறிவிடும். எழுவான்கரையில் (வாவியின் கிழக்கே, பரீட்சை நிலையம் இருக்கிற பக்கத்தில்) சொந்தக்காரர் வீடு இருந்தால் மகளை அங்கே தங்க வைப்பது புத்தி. ஆனால் முதல்நாள் இரவு கொண்டுபோய் விட வேண்டாம். புது இடத்தில் முதல் இரவு மூளை முழுதாக அடங்காது, நித்திரை அடிக்கடி கலையும். இது நித்திரை ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. இரண்டு மூன்று நாள் முன்னதாகவே, தன்னுடைய தலையணையோடு போகட்டும். கரண்ட் போனால் சமாளிக்க ஒரு டோர்ச்சையும் கொடுத்துவிடுங்கள். வெள்ளத்தில் அகப்பட்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, பரீட்சை சம்பந்தமான கேள்விகளுக்குத் திணைக்களத்தின் இலக்கம் 1911.

அனுமதி அட்டையில் அதிபரின் உறுதிப்படுத்தல் இருக்கிறதா, அடையாள அட்டை எங்கே என்று பார்ப்பதை முதல்நாள் வேலையாக வைக்காதீர்கள். ஒரு கிழமைக்கு முன்பே முடித்துவிடுங்கள். முதல்நாள் மாலை பேனை, பென்சில், அடிமட்டம், தண்ணீர்ப் போத்தல், மழைக்கு ஒரு குடை, அவ்வளவும் ஒரு பையில்.

ரியூசன் சேர் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டிருக்கிறார் போல. உயர்தரத்தில் "முதல்நாள்" ஒன்றல்ல, கிழமைக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும். கால அட்டவணையைச் சுவரில் ஒட்டிவைத்து ஒவ்வொரு தாளுக்கும் முன்னால் எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்று மகளோடு சேர்ந்து இப்போதே குறியுங்கள். அடுத்தடுத்த நாளில் தாள் இருந்தால், மண்டபத்திலிருந்து வந்ததும் சாப்பாடு, குளிப்பு, ஒரு குட்டி நித்திரை, பிறகு இரண்டு மூன்று மணித்தியாலம் குறிப்பு மட்டும். வாசலில் கூடி நின்று விடைகளை ஒப்பிடும் கூட்டத்தில் அவள் நிற்க வேண்டாம், எழுதிக் கொடுத்த தாளை இனி யாரும் திருத்தி எழுத முடியாது. நான்கைந்து நாள் இடைவெளி கிடைத்தால் சேர் கேட்கிற முழு ஓய்வை அங்கே கொடுங்கள்: தாள் முடிந்த அன்று பின்னேரம் முழுக்கப் புத்தகம் இல்லை, மறுநாள் காலையில் இருந்து அடுத்த பாடம்.