இசைத்தட்டா, கச்சேரியா?

கேள்வி: ஜாஸ் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். கையில் இருக்கும் பணத்துக்குப் பழைய இசைத்தட்டு வாங்கலாமா, கச்சேரிக்குப் போகலாமா?

பதில்: முதலில் கச்சேரி. இருபது வருடம் தட்டு சேர்த்தவன் சொல்கிறேன்.

நியூயார்க்கில் வில்லேஜ் வேன்கார்ட் என்றொரு நிலவறை அரங்கம், 1935 முதல் இருக்கிறது. 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, பில் எவன்ஸ் அங்கே பியானோ வாசித்ததைப் பதிவு செய்தார்கள். அவரோடு பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் வாசித்த ஸ்காட் லஃபாரோ பதினோரு நாள் கழித்து கார் விபத்தில் இறந்துபோனார். வயது 25. அந்தத் தட்டில் டம்ளர் உரசுவதும் ஆட்கள் பேசுவதும் கேட்கும். எனக்கு அது வெகுநாள் இடைஞ்சலாகவே பட்டது.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை அந்தப் படிகளில் இறங்கினேன். 1966இல் தாட் ஜோன்ஸும் மெல் லூயிஸும் தொடங்கிய பெரிய வாத்தியக் குழுவின் வழிவந்தவர்கள் வாசித்தார்கள். நூற்றுச் சொச்சம் பேர் முட்டி இடிக்க உட்காரும் அறை. டிராம்போன் என்ற ஊதுகருவியின் காற்று முகத்தில் அடிப்பது போலிருந்தது. ஊர் திரும்பி அதே தட்டைப் போட்டபோது, டம்ளர் சத்தமும் இசையோடு சேர்ந்துவிட்டது. கண்ணில் நீர் வந்தது.

சரி, தட்டுக்கு வருவோம். ப்ளூ நோட் என்ற ஜாஸ் நிறுவனத்தின் பழைய தட்டுகளில், நடுவில் இருக்கும் லேபிளை ஒட்டிய வெற்றுப் பகுதியில் காது மாதிரி ஒரு குறி இருக்கும். அச்சிட்ட பிளாஸ்டிலைட் ஆலையின் அடையாளம். அதற்குத்தான் விலை ஏறுகிறது. உங்களுக்கு இப்போது மறுபதிப்பே போதும். பழையது வாங்கினால் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நகத்தில் தட்டுப்படும் கீறல் இருந்தால் வாங்காதீர்கள்.