மாலையில் பிள்ளை பார்த்துக்கொள்ள வருபவரிடம் எதையெல்லாம் எதிர்பார்க்கலாம்?

உங்கள் கேள்வியை மூன்று முறை படித்தேன். மூன்று வயதுப் பையன். மாலை நாலரையிலிருந்து எட்டரை வரை பார்த்துக்கொள்ள ஓர் அம்மா. மாதம் 7,000 ரூபாய். "பையன் தன் போக்கில் விளையாடும்போது அந்த அம்மா சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார், பாத்திரம் துலக்கி வீட்டையும் கூட்டிவைக்கச் சொன்னால் தவறா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தச் 'சும்மா' என்ற ஒரு சொல்லுக்காகத்தான் பதில் எழுதுகிறேன்.

எனக்கு வயது 61. காஞ்சிபுரம் மாவட்டத்தில் அங்கன்வாடிப் பணியாளராக 28 ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவள். எத்தனையோ பிள்ளைகளை எடைத் தராசில் உட்கார வைத்திருக்கிறேன், சத்துமாவு உருண்டை பிடித்துக் கொடுத்திருக்கிறேன். வருகிற ஓய்வூதியம் மாத்திரைக்கும் மின்கட்டணத்துக்கும் சரியாகப் போய்விடுகிறது. அதனால் மூன்று ஆண்டுகளாகப் பழைய மாமல்லபுரம் சாலையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மாலை வேளைகளில் பிள்ளை பார்க்கிறேன். எல்லா வீடும் ஒரே மாதிரி என்று நான் சொல்லவில்லை. என்னிடம் நன்றாக நடந்துகொண்ட வீடுகளும் உண்டு. இப்போது சொல்லப்போவதும் நல்ல குடும்பத்தைப் பற்றித்தான்.

அந்த வீட்டில் பாப்பாவுக்கு அப்போது இரண்டரை வயது, 12 கிலோ எடை. தாய்க்கு மாலை நேரப் பணி. நான் உள்ளே நுழைந்ததும் அவர் கிளம்புவார், தகப்பனார் எட்டரைக்கு வருவார். சென்ற கார்த்திகை மாதம், நாள் முழுக்க மழை. நான் போனபோது பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். "எழுந்தால் இட்லி கொடுத்துவிடுங்கள் ஆன்ட்டி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தாய் லிப்டுக்கு ஓடினார். ஐந்தேகாலுக்குப் பிள்ளை எழுந்தாள். தொட்டால் உடம்பு சுட்டது. தாய்க்குச் செய்தி அனுப்பினேன், பதில் இல்லை. பெற்றவர்கள் சொல்லாமல் ஒரு சொட்டு மருந்துகூட நான் கொடுப்பதில்லை. சட்டையைத் தளர்த்தி, தண்ணீர் குடிக்க வைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஆறு மணி இருக்கும். பாப்பாவின் கையில் இருந்த விளையாட்டு மரக்கட்டை நழுவி விழுந்தது. கண் மேலே செருகியது, உடம்பு விறைத்தது, கை கால் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தது. சமையல் செய்ய வருகிற பெண் "ஐயோ, ஜன்னி கண்டுவிட்டது" என்று அலறிக்கொண்டு சாவிக்கொத்தை எடுத்துவந்தாள். வாயில் கரண்டியை வைக்கலாமா என்றாள். இரண்டும் வேண்டாம் என்றேன். பாயில் ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். சுற்றிக் கிடந்த கட்டைகளைத் தள்ளினேன். கழுத்துப் பொத்தானைக் கழற்றி, வழிந்த எச்சிலைத் துடைத்தேன். பிடித்து அமுக்கவில்லை, தூக்கவில்லை. முதுகில் கையை வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

காய்ச்சல் வலிப்பு ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வரக்கூடியது. பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே நின்றுவிடும். ஐந்து நிமிடம் தாண்டினால் நேரே 108. எனவே அந்த நேரத்தில் கடிகாரத்தைவிடப் பெரிய துணை வேறு இல்லை. சிவப்பு முள் ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டாவது சுற்று முடிவதற்குச் சற்று முன்னால் இழுப்பு நின்றது. உடம்பு துவண்டது. பிறகு மெல்லிய குரலில் அழுதாள். என் உயிரும் அப்போதுதான் திரும்பி வந்தது.

முதல் முறை வலிப்பு என்பதால் தாமதிக்காமல் ஆட்டோவில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். சமையல் பெண் விடாமல் அழைத்து, நான்காவது முறைதான் தகப்பனார் எடுத்தார். பணியில் இருந்த டாக்டர் முதலில் கேட்டது, "எவ்வளவு நேரம் இழுத்தது?" இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு என்றேன். அடுத்த கேள்வி, "கடைசியாகக் காய்ச்சல் மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள்? எந்த பாட்டில்? எத்தனை மில்லி?" எனக்கு எதுவும் தெரியாது. காலையிலிருந்து காய்ச்சல் இருந்தது என்பதே தகப்பனார் வந்து சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. அந்தப் பாராசிட்டமால் சிரப் 5 மில்லிக்கு 120 மி.கி. என்றும் 250 மி.கி. என்றும் இரண்டு வீரியத்தில் வருகிறது. பாட்டில் மாறினால் அளவு இரண்டு மடங்கு மாறும். அங்கே ஊமைபோல நின்றேன். மருந்து வேளைக்குக் கொடுத்திருந்தாலும் வலிப்பு வந்திருக்கலாம் என்று அந்த டாக்டரே சொன்னார். ஆகவே தாயின் மீது பழி போடுவதாக யாரும் எண்ண வேண்டாம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்ற ஒரு வார்த்தையை என்னிடம் சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான் என் ஆதங்கம்.

மூன்றாம் நாள் அந்தத் தாய் கைபேசியை என் முன் நீட்டினார். கூடத்துக் கேமராவின் பதிவு. அதில் பிள்ளை துடிக்கிறாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தை மேலே தூக்கி எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடிகாரம் அந்தக் கேமராவுக்கு மேலே இருக்கிறது, பதிவில் தெரியாது. "பிள்ளை துடிக்கிறாள், நீங்கள் ஏன் ஆன்ட்டி சும்மா உட்கார்ந்திருந்தீர்கள்?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை, கலங்கிப்போய்த்தான் கேட்டார். நான் அவரை அதே பாயில் உட்கார வைத்து, "இங்கிருந்து பார், கண்ணு" என்றேன். பார்த்தார். அப்புறம் இருவரும் அழுதோம்.

நான் கேமராவுக்கு எதிரி இல்லை. பெற்றவர்களுக்கு அந்த நிம்மதி வேண்டும். இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும்.

என் மனத்தை அறுப்பது வாசல்தான். 28 ஆண்டுகள் 'டீச்சர்' என்று கூப்பிடப்பட்டவள், இந்தக் குடியிருப்பின் வாசலில் தினமும் இரவு எட்டரைக்குப் பையைத் திறந்து காட்ட வேண்டும். அதில் என் கண்ணாடியும் சாப்பாட்டு டப்பாவும் குடையும் இருக்கும். குடியிருப்பவர்களுக்கு ஒரு லிப்ட், எங்களுக்கு வேறு லிப்ட். அது பழுதான வாரத்தில் ஏழு மாடி ஏறினேன். ஏழாவது மாடியில் இருக்கும் பிள்ளையை முழு நம்பிக்கையோடு என் கையில் ஒப்படைக்கிறார்கள், கீழே அதே கை திருடியின் கையாகிவிடுகிறது. இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான். ஆனாலும் உங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து பேசுங்கள்.

உங்கள் பையனைப் பார்த்துக்கொள்ள வரும் அந்த அம்மாவிடம் நீங்கள் உரிமையோடு எதிர்பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. பையன் விழித்திருக்கும்வரை கண் அவன்மேல் இருக்க வேண்டும், கைபேசியில் இருக்கக் கூடாது. அடிக்கவோ பூச்சாண்டி காட்டவோ கூடாது. முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை போன்று தொண்டையில் சிக்கும் எதையும் கொடுக்கக் கூடாது. உங்களைக் கேட்காமல் இன்னொருவர் கையில் விட்டுப் போகக் கூடாது. எல்லாவற்றையும்விட, அவன் விழுந்தால் விழுந்தான் என்று அன்றைக்கே உங்களிடம் சொல்ல வேண்டும். அந்த உண்மை வர வேண்டுமானால், முதல்முறை சொல்லும்போது நீங்கள் பாயாமல் கேட்க வேண்டும். ஒருமுறை பாய்ந்துவிட்டால் அடுத்த வீக்கத்தை எண்ணெய் தடவி மறைக்கத்தான் தோன்றும். சாப்பாட்டுக் கிண்ணம் காலியாக இருந்தே தீர வேண்டும் என்றும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்கும் வீடுகளில்தான் பிள்ளையின் வாயில் திணிக்கிறார்கள்.

பணத்தைப் பற்றியும் யாராவது கணக்கோடு வருவார்கள். வீட்டு வேலைக்கு மணிக்கு 37 ரூபாய் என்று தமிழ்நாடு அரசு 2018இல் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்தது. மாதம் 26 நாள் என்று வைத்தால் நீங்கள் மணிக்கு 67 ரூபாய் கொடுக்கிறீர்கள், அதைவிட அதிகம்தான். ஆனால் அந்த 67 ரூபாய் பிள்ளையைப் பார்ப்பதற்கு. அந்த அம்மா குழாயடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் இருபது நிமிடம் உங்கள் பையனை யார் பார்ப்பது? மூன்று வயதுப் பையன் நாற்காலியை இழுத்துப்போட்டு ஜன்னலில் ஏற ஒரு நிமிடம் போதும்.

அந்த வீட்டில் இப்போது குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. காய்ச்சல் நாட்களில் "காலை 8.10, 250 பாட்டில், 3.5 மில்லி" என்று தாய் எழுதுவார். மற்ற நாட்களில் மதியம் எப்போது தூங்கினாள், எதற்கு அழுதாள் என்று இரண்டு வரி இருக்கும். கீழே நான் எழுதுவேன். நீங்களும் இன்றைக்கே ஒரு தாளை ஒட்டுங்கள், இருவர் எண்ணையும் பக்கத்து வீட்டு எண்ணையும் அதில் எழுதுங்கள். பாத்திரத்துக்கு வேறு ஆளைப் பாருங்கள். அது முடியாதென்றால் பையன் தூங்கிய பிறகு என்று அந்த அம்மாவிடம் கேளுங்கள். ஒப்புக்கொண்டால் அதற்குத் தனியாகப் பணம் பேசுங்கள். முடியாது என்று சொன்னால் விட்டுவிடுங்கள்.