பஸ் இல்லை என்று எழுதுங்கள்

அன்புள்ள ஐயா,

கிருஷ்ணகிரியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் மூன்று ஆண்டுகளாகத் திட்ட ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். அலுவலகத்தில் 5, களத்தில் 7, கணக்கில் 2 என நாங்கள் மொத்தம் 14 பேர். போன மாதம் எங்கள் இயக்குநர் பெங்களூரிலிருந்து ஒருவரை வரவழைத்துப் பன்முகத்தன்மை பற்றி இரண்டு நாள் பயிற்சி நடத்தினார். எல்லாம் ஆங்கிலத்தில். தளி, அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து வரும் களப்பணியாளர் பெண்கள் சும்மா தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சமையல்கார அம்மா டீ கொடுத்துவிட்டு வாசலில் நின்றார். இயக்குநர் நல்லவர்தான். ஆனால் எதுவும் மாறவில்லை. எல்லோரையும் சேர்த்துக்கொண்டு போகிற தலைமைக்கு என்னென்ன பண்புகள் வேண்டும்? படிக்க நல்ல புத்தகம் உண்டா? நான் வேலையை விட்டுவிடலாமா?

ஒரு வாசகர், கிருஷ்ணகிரி

அன்புள்ள தம்பி,

பண்புகளின் பட்டியல் அந்தப் பெங்களூர்க்காரரின் பவர்பாயிண்டிலேயே இருந்திருக்கும், நான் தர மாட்டேன். வேலையை விடுவது உங்கள் வீட்டுக் கடனைப் பொறுத்த விஷயம். புத்தகத்துக்குப் பதில் ஒரு நாள் அரூர் தாண்டி சிட்லிங்கிக்குப் போய் வாருங்கள். 1993-இல் ஒரு டாக்டர் தம்பதி அங்கே குடிசையில் மருத்துவம் பார்க்க ஆரம்பித்து, அந்த ஊர்ப் பெண்களையே பழக்கி நர்ஸ்களாக்கிய இடம் அது. சும்மா திண்ணையில் உட்கார்ந்து, யார் யாருக்கு என்ன வேலை சொல்கிறார்கள் என்று கவனித்தாலே போதும்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருகிறேன். 5, 7, 2. நானும் கூட்டிப் பார்த்தேன், 14 சரியாகத்தான் வருகிறது. டீ கொடுத்த அந்த அம்மா எதில் சேர்த்தி? பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இல் வந்தது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று சொல்கிறது. அந்தச் சட்டத்துக்குத் தினக்கூலிக்கு வருகிறவரும் பணியாளர், சம்பளமே வாங்காத தொண்டரும் பணியாளர். சட்டம் எண்ணுகிற ஆளை நீங்கள் எண்ணவில்லை. இயக்குநரைத் திருத்துவது அப்புறம் இருக்கட்டும்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வயதில் நான் இதைவிட மோசமாக இருந்தேன். உங்கள் கடிதம் வந்த வாரம்தான் அரூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டியிருந்தது. அப்போதிருந்தே ஒரு அக்காவின் நினைப்பாக இருக்கிறது.

பன்னாட்டு நிதி உதவியோடு பெண்களுக்கான சுய உதவிக் குழுத் திட்டம் 1989-இல் தமிழ்நாட்டில் முதன்முதலாகத் தொடங்கியதே தருமபுரி மாவட்டத்தில்தான். அப்போது உங்கள் கிருஷ்ணகிரியும் எங்களோடுதான் இருந்தது, பிரிந்தது 2004-இல். அந்தக் காற்றில் முளைத்த நிறுவனம் ஒன்றில் 90-களின் நடுவில் நான் வேலை பார்த்தேன். சுவரெல்லாம் பெண்கள் முன்னேற்றம் பற்றிய வாசகங்கள். இயக்குநர் மாதம் ஒரு சனிக்கிழமை காரில் வருவார். சாப்பிட்டு, கொஞ்சம் படுத்து எழுந்து, மூன்று மணிக்குத் தருமபுரி அலுவலகத்தில் கூட்டம். தீர்மான நோட்டு எழுதுவது என் வேலை. முதலில் வரவு செலவு, பிறகு நிதி கொடுப்பவர்களுக்குப் போகும் அறிக்கை, கடைசியில் 'களப்பணியாளர் கருத்து'. அது வருவதற்குள் நாலரை ஆகிவிடும். சித்தேரி மலைப் பக்கத்துப் பெண்கள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அரூருக்கு 40 கிலோமீட்டர் போய், அங்கிருந்து கடைசி வண்டியைப் பிடித்தாக வேண்டும்.

"ஏதாவது சொல்லணுமா?" என்பார் இயக்குநர்.

"இல்லைங்க சார்."

'கருத்து ஏதுமில்லை' என்று எழுதி அடிக்கோடு போடுவேன். அழகான கையெழுத்து என்று எனக்குப் பெயர்.

ஒருநாள் அவர்களில் ஒருவரான அந்த அக்கா கிளம்பும்போது என் நோட்டை எட்டிப் பார்த்தார். ஐந்தாவது வரை படித்தவர். "தம்பி, கருத்து இல்லைன்னு எழுதாதீங்க. பஸ் இல்லைன்னு எழுதுங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார்.

அடுத்த மாதத்திலிருந்து அப்படியே எழுதினேன். இயக்குநர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். ஏழு மாதம் போட்டார். இதைத் தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். கூட்டத்தைக் காலையில் வைக்கலாமே என்று ஒரு முறைகூட நான் வாயைத் திறக்கவில்லை. எழுதினேன், அதோடு என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன், நீங்கள் எனக்குக் கடிதம் எழுதியது மாதிரி.

அந்த இயக்குநரும் நல்லவர்தான், தம்பி. என் கல்யாணச் செலவுக்குக் கடன் கொடுத்தவர், திருப்பிக் கேட்டதேயில்லை. ஆனால் அந்த அலுவலகத்தில் மூன்று மணியைப் பத்தரை மணியாக்க அவர் ஒருவரால்தான் முடியும். அதற்கு அவர் தன் மத்தியானத் தூக்கத்தை விட வேண்டியிருந்தது, விடவில்லை.

அவருக்கு அடுத்து வந்த அம்மா முதல் வேலையாகப் பழைய நோட்டைப் படித்தார். "எந்த பஸ்?" என்று கேட்டார். சொன்னேன். அடுத்த கூட்டம் அரூரில், காலை பத்தரைக்கு. அவரே தருமபுரியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். களப்பணியாளர் பேச்சு முதலில், வரவு செலவு கடைசியில் என்று வரிசையைத் தலைகீழாக்கினார்.

கூட்டம் இனிமையாக நடந்ததாகக் கற்பனை செய்ய வேண்டாம். அக்கா முக்கால் மணி நேரம் பேசினார், பாதி எனக்குச் சலிப்பாக இருந்தது. 'சிறப்பாகச் செயல்படுகிறது' என்று நான் அறிக்கையில் எழுதிய இரண்டு குழுக்களின் சேமிப்பு நோட்டும் ஒரு ஆள் வீட்டு பீரோவில் பூட்டிக் கிடக்கிறது என்பதும் அன்றுதான் வெளியே வந்தது. கணக்காளர் எழுந்து வெளியே போய்விட்டார். எனக்கும் எரிச்சல்தான். என் வீடு தருமபுரியில், ஒரு சனிக்கிழமை முழுசாகப் போச்சு.

உங்கள் அலுவலகக் கூட்டம் எத்தனை மணிக்கு? எந்த மொழியில் நடக்கிறது? வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசுகிற பெண்கள் அங்கே எந்த மொழியில் பேசுகிறார்கள்? அஞ்செட்டிக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு? இயக்குநரைக் கேட்காதீர்கள், அந்தப் பெண்களைக் கேட்டு எழுதுங்கள். சமையல்கார அம்மாவின் பெயரையும் சேர்த்து.